கடற்கரைப் பூங்காவின் பழைய குளியல் கூடம்: இடிப்பதா, தேற்றுவதா?

பூங்காவாசி | 3 ஜூன் 2025, காலை 10.40

எங்கள் பேரூராட்சியின் கடற்கரைப் பூங்காவில் ஒரு பொதுக் குளியல் கூடம் இருக்கிறது. கட்டி 35 வருஷத்துக்கு மேல். நீளம் 18 மீட்டர், அகலம் 7. காங்கிரீட் தூண், செங்கல் சுவர், தட்டைச் சிலாப். ஆண்கள் பக்கம் 8 ஷவர், பெண்கள் பக்கம் 4. கடல் பார்த்த சன்ஷேடு கம்பி தெரிய உதிர்கிறது. சிலாப்பின் அடிப்பூச்சு நாலைந்து இடத்தில் பெயர்ந்து விழுந்துவிட்டது. தரையில் எந்நேரமும் கணுக்கால் தண்ணீர். "இடிச்சிட்டுப் புதுசா கட்டுறதுதான் மலிவு" என்கிறார்கள், ஒப்பந்ததாரர் உட்பட. எனக்கும் அப்படித்தான் படுகிறது. மறுப்பவர்கள் கணக்கோடு மறுங்கள்.

ஈசிஆர் எஞ்சினியர் | 3 ஜூன் 2025, மதியம் 1.15

இடிக்கும் பேச்சுக்கு முன்னால் காகிதம். கட்டடம் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடலேற்றம் வந்து தொடும் எல்லை) எத்தனை மீட்டர்? எந்த சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) வகை? 2011 அறிவிக்கைப்படி மூன்றாம் வகையில் 200 மீட்டர் வரை புதிதாகக் கட்ட முடியாது. 2019-ல் அந்த வகையை இரண்டாகப் பிரித்தார்கள். மக்கள் நெருக்கம் சதுர கி.மீ.க்கு 2161-க்கு மேல் இருக்கும் ஊருக்கு 50 மீட்டர், மற்றவற்றுக்கு அதே 200. அந்தப் பட்டைக்குள் ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், திரும்பவும் கட்டலாம். பழைய பீடப் பரப்பை (கட்டடம் தரையில் பிடிக்கும் இடம்) தாண்டக் கூடாது. உங்கள் கணக்கில் 126 சதுர மீட்டர்.

அனுமதி பெற்ற கட்டடம் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இடித்துவிட்டால் 126-ம் போச்சு. முதலில் பழைய வரைபடம், சொத்துப் பதிவேடு, அளவு குறித்த போட்டோக்கள். அப்புறம்தான் கடப்பாரை.

கம்பிவளைப்பான் | 3 ஜூன் 2025, இரவு 9.02

சிலாப் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று யாரும் பார்க்காமலே "மலிவு" என்று முடிவுகட்டிவிட்டார்கள். பார்க்கிற வழி இது.

சுத்தியலால் அடிப்பகுதி முழுக்கத் தட்டுங்கள். கெட்டியாக இருந்தால் "டங்". பொத்தென்று கேட்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். விழுந்த இடத்தைவிட இப்படி உள்ளே பொள்ளலான இடம் மூன்று நாலு மடங்கு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உடைத்த முகத்தில் பினாப்தலீன் தெளியுங்கள். ரோஸ் நிறம் வந்தால் காங்கிரீட்டில் காரத்தன்மை மிச்சம் இருக்கிறது, வராவிட்டால் போய்விட்டது. கடலோரத்தில் இந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ரோஸ் நிறத்துக்குள்ளேயே உப்பு கம்பியைத் தின்றுகொண்டிருக்கும். அதனால் 0-15, 15-30, 30-45 மி.மீ. ஆழங்களில் துளைத்துத் தூளை எடுத்துக் குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். சிமெண்ட் எடையில் 0.4 சதவீதத்தைத் தாண்டியது கம்பி மட்டத்தில் என்றால் கவலை, மேல் 15 மி.மீ.யில் மட்டும் என்றால் நேரம் இருக்கிறது.

அரைக்கல மின்னழுத்தம் அளக்கிறவர்கள் வந்தால் இன்னும் நல்லது. தாமிர-தாமிர சல்பேட் மின்முனையில் −350 மில்லிவோல்ட்டைவிட எதிராகப் போனால் அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு.

சுண்ணாம்புக்காளவாய் | 4 ஜூன் 2025, காலை 6.30

பழைய ஆட்கள் சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டுக் கட்டியது நூறு வருஷம் நிற்கிறது. சிமெண்டைக் கொட்டிவிட்டு இப்போது மில்லிவோல்ட் அளக்கிறோம்.

கம்பிவளைப்பான் | 4 ஜூன் 2025, காலை 7.10

சுண்ணாம்புக் கட்டடம் நிற்பதற்கு முதல் காரணம் அதில் கம்பி கிடையாது என்பது. துருப்பிடிக்க ஏதாவது இருந்தால்தானே விரிசல்? கடுக்காய்க்கு அடுத்த இடம்தான்.

பூங்காவாசி | 9 ஜூன் 2025, மாலை 5.48

தட்டிப் பார்த்தாயிற்று. சிலாப்பில் கடல் பக்கத்து மூன்றில் ஒரு பங்கு பொள்ளல். நடுவிலும் ஊர்ப்பக்கத்திலும் பரவாயில்லை. தூண்களில் அடி 60 செ.மீ. மட்டும் வெடிப்பு. கம்பிக்கு மேல் காங்கிரீட் 15 முதல் 20 மி.மீ.தான்.

ஒப்பந்ததாரர் இப்போது பேச்சை மாற்றிவிட்டார். "கெட்ட இடத்தைக் கொத்தி, கம்பிக்குப் பெயின்ட் அடிச்சு, பாலிமர் கலவை பூசிடலாம்."

கம்பிவளைப்பான் | 9 ஜூன் 2025, இரவு 8.20

15 மி.மீ. கவரா? ஐ.எஸ். 456 (இந்தியக் காங்கிரீட் விதி) கடலோரத்தைக் கடுமையான சூழல் என்கிறது. எம்-30 காங்கிரீட், 45 மி.மீ. கவர், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள். அலைத் தூறல் நேராக மேலே விழுகிற இடம் இன்னும் ஒரு படி மேல்: எம்-35, 50 மி.மீ. அந்தக் காலத்தில் கட்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2000-த்தில் திருத்துவதற்கு முன்னால் விதியே இவ்வளவு கேட்கவில்லை.

ஒட்டுப்போடும் யோசனையில் ஒரு பொறி இருக்கிறது. உப்பேறிய காங்கிரீட்டில் துருப்பிடித்த இடம் சுற்றியுள்ள கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும், தன்னைக் கொடுத்து. அந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவை பூசினால் காவல் போய்விடும். ஒட்டின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, முன்பு நன்றாயிருந்த கம்பி அடுத்து அரிக்கத் தொடங்கும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் ஒட்டைச் சுற்றி மாலை போட்டாற்போல் புது வெடிப்பு. "போன வருஷம்தானே சரிபண்ணோம்" என்று எல்லோரும் பூசியவனைத் திட்டுவார்கள். அவன் ஒழுங்காகவே பூசியிருப்பான்.

ஒட்டுதான் போடுவதென்றால் முறை:

முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். விளிம்பை 10 மி.மீ. ஆழத்துக்கு நேர்க்கோடாக வெட்ட வேண்டும், சரிவாக மெலிந்துபோகிற ஓரம் நிற்காது. கம்பியின் பின்பக்கம் 20-25 மி.மீ. இடைவெளி வரும்வரை கொத்த வேண்டும். பாதிப் பேர் கம்பியின் முகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், பின்பக்கம் உப்பு அப்படியே இருக்கும். துருவைப் பளபளக்கத் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் மறுபடியும் உப்பு. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் கால் பங்குக்கு மேல் போயிருந்தால் கூடக் கம்பி கட்ட வேண்டும். ஒட்டின் விளிம்பை ஒட்டித் துத்தநாக வில்லைகளைக் கம்பியோடு கட்டிப் புதைத்தால் அவை முதலில் கரைந்து கம்பியைக் கொஞ்ச காலம் காக்கும். கலவையை 10-15 மி.மீ. படலங்களாக ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் சிலாப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு என்றால் சிலாப்பையே எடுத்துவிடுவது புத்தி. முதலில் நான் தேற்றும் கட்சி. இப்போது பாதி மாறிவிட்டேன்: சிலாப்பும் சன்ஷேடும் போகட்டும், பீடம், ஊர்ப்பக்கச் சுவர், தூண்கள் இருக்கட்டும். தூணின் அடி 60 செ.மீ.யை நாலு பக்கமும் உறைபோட்டு மைக்ரோ காங்கிரீட் (பொடி ஜல்லிக் கலவை) ஊற்றலாம்.

ஷீட்கூரை | 10 ஜூன் 2025, காலை 11.00

சிலாப் போனால் அலுமினியம் ஷீட். முடிந்தது. ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்பு) மட்டும் வேண்டாம், உப்புக்காற்றில் திருகு ஓட்டையிலிருந்து பிய்ந்துகொண்டே வரும்.

ஈசிஆர் எஞ்சினியர் | 10 ஜூன் 2025, மதியம் 2.35

முடியவில்லை சார். காற்று விதியில் சென்னைக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதையே வைத்துக்கொள்வோம். அழுத்தம் 0.6 × 50 × 50 = சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், சுமார் 150 கிலோ. பக்கம் திறந்த கட்டடத்தில் கூரையைத் தூக்குகிற விசையும் ஏறக்குறைய அதே அளவு என்று எடுத்தால் 126 சதுர மீட்டருக்கு 19 டன். பழைய 12 செ.மீ. சிலாப் சதுர மீட்டருக்கு 300 கிலோ, தன் கனத்தாலேயே உட்கார்ந்திருந்தது. ஷீட் 5 கிலோகூட வராது.

அதனால் தூண் தலைகளைக் கட்டும் ரிங் பீம் புதிதாக வேண்டும், அதில் புதைத்த போல்ட் வேண்டும், ஓரத்திலும் மூலையிலும் திருகுகள் நெருக்கமாக வேண்டும். புயலில் முதலில் கிளம்புவது மூலைதான். 2018 நவம்பரில் கஜா கரை கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் கூரைகள் கிடந்த கிடப்பு ஞாபகம் இருக்கும்.

அலுமினிய ஷீட்டை இரும்புப் பர்லினில் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நேராகப் போடாதீர்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் கரையும். நடுவில் ரப்பர் பட்டை.

சுண்ணாம்புக்காளவாய் | 10 ஜூன் 2025, மாலை 4.12

பர்லினுக்குப் பனஞ்சட்டம். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை உப்புக்கு அசையாது, கரையான் சீக்கிரம் தொடாது. இதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

கம்பிவளைப்பான் | 10 ஜூன் 2025, மாலை 4.40

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதிர்ந்த பனையாகத்தான் வருகிறதா என்று அறுத்த முகத்தைப் பாருங்கள். கருப்பு நார் நெருக்கமாக, வெளிவட்டத்தில் மூன்று விரல் கனமாவது இருக்க வேண்டும். மெதுவான நடுச்சோறு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நெய்தல் | 14 ஜூன் 2025, இரவு 10.05

பத்து நாளாகக் கூரையும் கம்பியும். உள்ளே யார் குளிக்கப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

8-க்கு 4 என்ற பழைய கணக்கே தலைகீழ். நம் கடற்கரையில் பெண்கள் சேலையோடும் சுடிதாரோடும் நைட்டியோடும்தான் அலையில் நிற்கிறார்கள். வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்து வரிசையாகத் திறந்த ஷவர், பக்கத்தில் தனியாக உடை மாற்றும் அறை என்று போட்டால் நடப்பது இதுதான்: ஈரச் சேலையோடு ஷவர், அதே ஈரத்தோடு சொட்டச் சொட்ட உடை மாற்றும் அறை, அறை முழுக்கச் சேறு, அடுத்தவர் காய்ந்த பாவாடையைக் கீழே வைக்க இடம் தேடுவார். மூன்றாவது ஆளுக்குள் அந்த அறை செத்தது.

வேண்டியது ஒரே அறையில் இரண்டு பாதி. முன்பாதி காய்ந்தது, 1.2 × 1.2 மீட்டர், சேலை கொசுவம் வைக்கக் கை நீட்ட இடம். பின்பாதி ஈரம், 0.9 × 1.2. நடுவில் 50 மி.மீ. படி. காய்ந்த பக்கத்தில் 45 செ.மீ. உயரத்தில் கருங்கல் திண்டு. கதவின் கீழே இடைவெளி வேண்டாம். காற்றுக்கு ஜாலி 2.1 மீட்டருக்கு மேலே தொடங்கட்டும், பலகைகள் வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சரியட்டும். ஜாலி வழியே செல்போன் நீட்டுகிற காலம்.

துணி அலச, பிழிய ஒரு தாழ்ந்த குழாயும் கல்லும் வெளியே வேண்டும். அது இல்லாவிட்டால் ஷவருக்கு அடியிலேயே பிழிவார்கள். மணல் எல்லாம் ஷவர் சாக்கடைக்கு.

அப்பாவோடு வரும் பெண் குழந்தை, வீல்சேரில் வரும் தாத்தா, இருவருக்குமாக ஒரு குடும்ப அறை. சாய்தளம் 1:12, கதவு திறப்பு 900 மி.மீ.

குழாய்க்காரர் | 15 ஜூன் 2025, காலை 8.15

மேடம் சொன்ன மணல்தான் அந்தக் கணுக்கால் தண்ணீருக்குக் காரணம். சாதாரண நானி டிராப் (தரை வடிகால் வாய்) மணலுக்கு ஆனதல்ல, அரை நாளில் அடைக்கும். சாக்கடை வெளியே போகிற இடத்தில் மணல் சேம்பர் வேண்டும். உள்ளளவு 90 × 60 செ.மீ., வெளிக்குழாய் மட்டத்துக்குக் கீழே 45 செ.மீ. ஆழம், வெளிக்குழாயில் கீழ்நோக்கி ஒரு டீ (T வடிவ இணைப்பு). 12 ஷவர் × நிமிஷத்துக்கு 8 லிட்டர் = 96 லிட்டர், நொடிக்கு 1.6. அந்தப் பரப்பில் தண்ணீர் நொடிக்கு 3 மி.மீ. வேகத்தில்தான் எழும். கடற்கரை மணல் அதைப்போல் பல மடங்கு வேகத்தில் இறங்கும். எல்லாம் அடியில் தங்கிவிடும்.

தரைச்சரிவு 1:100 போடுவார்கள். மணல் நகராது. 1:50 கேளுங்கள். வாய்க்கால் 150 மி.மீ. அகலம், அடி உருண்டையாக, மேலே எஃப்.ஆர்.பி. கிரேட்டிங் (கண்ணாடி இழை பிளாஸ்டிக் சட்டமூடி). வார்ப்பிரும்பு மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், திறக்க முடியாதது யாரும் திறக்காததாகும். மாதம் ஒரு முறை அள்ளினால் போதும்.

ஈசிஆர் எஞ்சினியர் | 15 ஜூன் 2025, மதியம் 12.50

மாதமா? ஞாயிற்றுக்கிழமை 600 பேர், ஆளுக்கு ஒரு கைப்பிடி, 100 கிராம் என்று வையுங்கள். 60 கிலோ. ஈர மணல் லிட்டருக்கு 1.6 கிலோ என்றால் 37 லிட்டர். உங்கள் சேம்பரின் கொள்ளளவு 0.9 × 0.6 × 0.45 = 243 லிட்டர். இப்படிக் கூட்டமான ஆறரை நாளில் நிறைந்துவிடும்.

நெய்தல் | 15 ஜூன் 2025, மதியம் 1.20

100 கிராம் கால்சட்டை போட்ட ஆணுக்கு. அலையில் உட்கார்ந்து எழுந்த சேலையின் மடிப்பை உதறிப் பாருங்கள். கால் கிலோ வையுங்கள்.

ஈசிஆர் எஞ்சினியர் | 15 ஜூன் 2025, மதியம் 1.26

அப்படியானால் 150 கிலோ, 94 லிட்டர். இரண்டரை நாள். பொங்கல் லீவுக்குள் நிரம்பிவிடும்.

குழாய்க்காரர் | 15 ஜூன் 2025, இரவு 9.40

சேம்பரைப் பெரிதாக்கலாம் என்று எழுத வந்தேன். வேண்டாம். பெரிசானால் அள்ள ஆள் உள்ளே இறங்க வேண்டிவரும். எந்தச் சேம்பருக்குள்ளும் ஆள் இறங்குகிற மாதிரி வடிவமைக்கவே கூடாது. மேலே நின்று மண்வெட்டியால் அள்ளுகிற ஆழமே எல்லை.

வழி வேறே. மணல் கட்டடத்துக்குள்ளேயே வரக்கூடாது. கடலிலிருந்து வரும் வழியில், வாசலுக்கு 10-12 மீட்டர் முன்னால், திறந்தவெளி அலசுமிடம். கருங்கல் வேலித்தூண் நட்டு, மேலே ஒரு ஷவர், முழங்கால் உயரத்தில் ஒரு குழாய். காலடியில் எஃப்.ஆர்.பி. கிரேட்டிங், அதன் கீழே நேராகக் கடற்கரை மணல். தண்ணீர் அங்கேயே இறங்கிவிடும், மணல் மணலிலேயே விழும். சோப்பு அனுமதி இல்லை. துணி பிழியும் கல்லும் அங்கேயே. உள்ளே சேம்பர் அதே 243 லிட்டர், வாரம் ஒரு தடவை.

வெயில் படுகிற குழாய்க்கு சி.பி.வி.சி. வேண்டாம், நொறுங்கும். கருப்பு எச்.டி.பி.ஈ.

ஈசிஆர் எஞ்சினியர் | 16 ஜூன் 2025, காலை 9.00

இதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. 2019 அறிவிக்கையில் கழிவறை, உடை மாற்றும் அறை, ஷவர் போன்ற தற்காலிக வசதிகளைக் கடற்கரையிலேயே வைக்கலாம், உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, மாநிலத்தின் சுற்றுலாத் திட்டத்துக்கு உட்பட்டு. காங்கிரீட் அடித்தளம் போட்டுவிட்டுத் தற்காலிகம் என்று சொல்லாதீர்கள். முதல் நாள் நான் மிரட்டிய அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பூங்காவாசி | 22 ஜூன் 2025, மாலை 6.15

தண்ணீருக்கு 200 அடி போர் போடச் சொல்கிறார்கள். இப்போதைய போர் உப்பு.

குழாய்க்காரர் | 22 ஜூன் 2025, இரவு 7.30

ஆழம் போகப் போக உப்புதான். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும் என்பது கணக்கு. அரை மீட்டர் நின்றால் 20 மீட்டர்தான். வேகமாக உறிஞ்சினால் உப்பு கூம்பாக மேலே ஏறும். பெரிய மோட்டார் போட்டு ஒரு மணி நேரத்தில் டேங்க் நிரப்புவது போரைக் கொல்கிற வழி. ஆழமில்லாத உறைகிணறு, சின்ன மோட்டார், ராத்திரி முழுக்க மெதுவாக. திருச்செந்தூர் நாழிக்கிணறு அலைக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் கொடுப்பது நினைவிருக்கட்டும். அது ஊறும், யாரும் அதை 5 குதிரைத்திறனில் இழுப்பதில்லை.

அளவு: ஆளுக்கு இரண்டரை நிமிஷம் × 8 = 20 லிட்டர். அறைக்கு ஆள் மாற 4 நிமிஷம் என்றால் 12 அறையில் மணிக்கு 180 பேர், 3600 லிட்டர். வெளி அலசுமிடத்துக்கு லேசான உப்புத் தண்ணீரே போதும், தனி லைன். இரண்டு லைனையும் எங்கேயும் ஒரு வால்வில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் என்றாவது ஒருநாள் திறந்துவிடுவார்கள்.

கழிவுநீர் உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையக் கூடாது. மணல் என்பதால் நான் அதற்கு மேலும் தள்ளுவேன். எஃப்.ஆர்.பி. செப்டிக் டேங்க் புதைப்பதென்றால் அடியில் காங்கிரீட் சிலாப்பில் வாரால் கட்டுங்கள். மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது காலியாக இருந்தால் 5000 லிட்டர் டேங்கை 5 டன் விசை மேலே தள்ளும். பூங்கா நடுவில் டேங்க் முளைத்து நிற்கும்.

ஷீட்கூரை | 1 ஜூலை 2025, காலை 10.10

கைப்பிடி, கீல், திருகு எல்லாம் ஸ்டெயின்லஸ் 316. சப்ளையர் ஏமாற்றாமலிருக்கக் காந்தம் வைத்துப் பாருங்கள்.

கம்பிவளைப்பான் | 1 ஜூலை 2025, காலை 10.55

காந்தம் 304-க்கும் 316-க்கும் வித்தியாசம் காட்டாது. மலிவான 202-ம் ஒட்டாது. 316-ல் மாலிப்டினம் இருக்கிறது, அதுதான் உப்பைத் தாங்குவது. மாலிப்டினம் காட்டும் சொட்டுத்திரவம் சிறு பேட்டரியோடு கிடைக்கும், ஒரு துளி, நிறம் மாறினால் 316. லோடு இறங்கும்போதே பெட்டிக்கு இரண்டு பாருங்கள். டெண்டரில் "எஸ்.எஸ்." என்று மட்டும் எழுதினால் வருவது 202. அதைக் குறை சொல்லவும் முடியாது.

குழாய்க்கு ஸ்டெயின்லஸே வேண்டாம் என்பேன். பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாய். துருப்பிடிக்காது, திருடவும் மாட்டார்கள்.

குழாய்க்காரர் | 1 ஜூலை 2025, மதியம் 12.05

அதோடு அழுத்தினால் தானாக நிற்கிற குழாயை வெளி அலசுமிடத்தில் போடாதீர்கள். பிஸ்டனில் மணல் புகுந்து பாதித் திறப்பில் சிக்கும். தண்ணீர் மிச்சப்படுத்தப் போட்டது விடிய விடிய ஓடும். உள்ளே போடலாம், 15-20 நொடி.

பூங்காவாசி | 12 ஜூலை 2025, இரவு 8.44

மைத்துனன் நியூயார்க்கில் இருக்கிறான். அங்கே ஆர்ச்சர்ட் பீச் குளியல் மண்டபம், 1930-களில் நகரப் பூங்காத் துறைத் தலைவர் ராபர்ட் மோசஸ் கட்டவைத்தது, கடல் உப்பில் வெடித்துப் பல வருஷம் மூடிக் கிடந்ததாம்.

கம்பிவளைப்பான் | 12 ஜூலை 2025, இரவு 9.30

அங்கே பேசப்பட்ட முதல் குற்றவாளி உப்பில்லை. ஜல்லியில் உள்ள சிலிக்காவும் சிமெண்டின் காரமும் சேர்ந்து உள்ளிருந்தே ஊதும் நோய். அது வந்தால் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. உங்களுடையதில் கம்பியின் நீளத்துக்கு வெடிப்பு ஓடுகிறது, துருக்கறை இருக்கிறது. அது கம்பி நோய். வலைபோல் வெடிப்பும் வெள்ளைப் பசையும் கசிந்தால்தான் நீங்கள் மைத்துனனைக் கேட்க வேண்டும்.

பூங்காவாசி | 2 ஆகஸ்ட் 2025, மாலை 4.20

பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. சிலாப் போகிறது, பீடம் நிற்கிறது. பெண்கள் பக்கம் 7 அறை, ஆண்கள் பக்கம் 4, குடும்ப அறை 1. வெளியே 6 கல்தூண். தரை ஃபிளேம்டு கிரானைட் (தீயால் சொரசொரப்பாக்கிய கல்). கடப்பாக்கல் சோப்பில் வழுக்கும் என்று யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நெய்தல் | 2 ஆகஸ்ட் 2025, மாலை 5.02

இரண்டு மாதம் பேசினோம், கொக்கியை மறந்துவிட்டோம். அறைக்கு மூன்று: ஈரத்துக்கு ஒன்று, காய்ந்ததுக்கு ஒன்று, பைக்கு ஒன்று. காய்ந்த பக்கச் சுவரில், 1.5 மீட்டர் உயரத்தில். குழந்தைக்கு 1 மீட்டரில் இன்னொன்று. ஒட்டும் கொக்கி வேண்டாம், சுவரைத் துளைத்து போல்ட். கதவில் மாட்டினால் ஈரப் பாவாடையின் கனத்துக்குக் கீல் தொங்கும்.

குழாய்க்காரர் | 2 ஆகஸ்ட் 2025, மாலை 5.10

நாலா? டெண்டரில் ஒன்றுதான் போட்டிருக்கிறது, பார்த்தேன். இப்போதே மாற்றச் சொல்லுங்கள் சார்.